கிராபிக்ஸ் கார்டு: காகித வேகமும் உண்மை வேகமும்

2010 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். மாலை 4.04 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எப்06 ராக்கெட் கிளம்பியது. ஜிசாட்-5பி என்ற தகவல் தொடர்பு செயற்கைக்கோள் அதன் தலையில் இருந்தது.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு, காட்டூர் முதலான பொன்னேரி வட்டார ஊர்க்காரர்களுக்கு ராக்கெட் பார்க்க டிவி தேவையில்லை. வடக்குப் பக்கம் தலையைத் தூக்கினால் போதும். ஆனால் இந்த வேடிக்கைக்கு ஒரு விலையும் உண்டு. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வந்துவிடும். வானத்தில் ஏதாவது தவறு நடந்தால் துண்டுகள் விழப்போவது அவர்கள் வலை வீசும் அதே கடலில்தான்.

அன்றைக்குத் தவறு நடந்தது. 47.5 விநாடி வரை எல்லாம் சரியாகப் போனது. 47.8வது விநாடியில் கோளாறு ஆரம்பித்தது. 53.8வது விநாடியில் ராக்கெட் உடைந்தது. 64வது விநாடியில் தரையிலிருந்து அழிப்பு ஆணை அனுப்பப்பட்டது.

இங்கே ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். ஏவுதளத்திலிருந்து பழவேற்காடு முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒலி ஒரு விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். அப்படியானால் ராக்கெட் கிளம்பும் சத்தம் அங்கே வந்து சேர 88 விநாடிக்குக் குறையாது. அதாவது, கிளம்பிய சத்தம் காதில் விழுவதற்கு முன்பே அந்த ராக்கெட் இல்லாமல் போய்விட்டது!

சரி, கிராபிக்ஸ் கார்டு பற்றிய கட்டுரையில் ராக்கெட் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்த விபத்து நடந்து நான்கு மாதம் கழித்து, கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகப் பிறந்த கிராபிக்ஸ் கார்டு வகையில் நானூறை அடுக்கி, இஸ்ரோ ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தது. அதன் பெயரிலேயே அதன் வேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. சாகா-220. அந்த 220 எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இங்கே விஷயம். கார்டு வாங்கப் போகும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

காற்றைக் கட்டம் கட்டுதல்

எப்06 ஏன் விழுந்தது? அதன் கம்ப்யூட்டர் ராக்கெட்டின் மேல்பகுதியில் இருந்தது. அது சொல்லும் கட்டளை அடியில் உள்ள நான்கு பக்கவாட்டு எஞ்சின்களுக்குப் போயாக வேண்டும். வழியில் ரஷ்ய கிரையோஜெனிக் பகுதியின் அடியில் பத்து கனெக்டர்கள் இருந்தன. அவை 292வது விநாடியில்தான் பிரிய வேண்டும். ஆனால் 47.8வது விநாடியிலேயே பிடுங்கிக்கொண்டன. மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு அறுந்தது போல ஆகிவிட்டது.

பிறகு ஜிஎஸ்எல்வியில் பல மாற்றங்கள் செய்யப்பட்டன. அந்தப் பகுதியை மூடியிருந்த கீழ் உறை புதிதாக வடிவமைக்கப்பட்டது. வயர்கள் போகும் பாதை மாற்றப்பட்டது. அதோடு முழு ராக்கெட்டையும் சுற்றி ஓடும் காற்றின் கணக்கு மறுபடி செய்யப்பட்டது.

காற்றின் கணக்கு என்றால் என்ன? ராக்கெட்டைச் சுற்றியுள்ள காற்றைக் கோடிக்கணக்கான சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அழுத்தம், அடர்த்தி, வேகம், வெப்பம் என்று சில எண்கள். பக்கத்துக் கட்டத்திலிருந்து என்ன வருகிறது, என்ன போகிறது என்று பார்த்து எல்லா கட்டத்தையும் திருத்த வேண்டும். பிறகு மறுபடியும் திருத்த வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை. ஒரு கட்டத்தின் கணக்கு பள்ளிக்கூடப் பையன் கூடப் போடலாம். எண்ணிக்கைதான் மலைக்க வைக்கும்.

விளையாட்டில் திரைக்குப் படம் வரைவதும் ஏறக்குறைய இதே வேலைதான். 1024 x 768 திரையில் 7,86,432 புள்ளிகள். விநாடிக்கு 60 படம் என்றால் 4.7 கோடி புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கணக்கு. அதனால்தான் விளையாட்டுக்காகச் செய்த சிப் ராக்கெட்டுக்கும் உதவியது.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே குரலுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். என்விடியா கார்டில் 32 கணக்குகள் ஒரு கூட்டமாக, ஒரே கட்டளைக்கு ஒன்றாக நகரும். அதில் பாதிப் பேருக்கு வேறு வேலை வந்துவிட்டால் மீதிப் பேர் சும்மா நிற்க வேண்டியதுதான். சாதாரண பிராசஸர் அப்படி இல்லை. அது நான்கைந்து கெட்டிக்கார ஆட்கள் தனித்தனியே வேலை செய்வது போல.

பெட்டி மேல் எண் வந்த கதை

1996ல் 3டிஎப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு வந்தது. வேகம் 50 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி. ஆக விநாடிக்கு 5 கோடி புள்ளி. அப்போது விளையாட்டுகள் 640 x 480 அளவில் ஓடின. விநாடிக்கு 30 படம் என்றால் 92 லட்சம் புள்ளிகள் போதும். அப்படியானால் ஐந்து மடங்கு வேகம் சும்மா கிடக்கிறதா? இல்லை. சுவர் வரைந்து, அதன் முன் தூண் வரைந்து, அதன் முன் எதிரியை வரைந்தால் அதே புள்ளிக்கு மூன்று தடவை வண்ணம் பூசியாகிறது. காகிதத்தில் மிச்சமாகத் தெரிந்தது இப்படித்தான் செலவானது.

1999ல் என்விடியாவின் ஜீபோர்ஸ் 256 வந்தது. 'ஜிபியு' என்ற பெயரை ஊரறியச் செய்தது இதுதான். 120 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு 4 புள்ளி. ஆக விநாடிக்கு 48 கோடி புள்ளி. வூடூவைப் போல கிட்டத்தட்ட பத்து மடங்கு!

இங்கேதான் முதல் பாடம் வருகிறது. ஒரு புள்ளியை 32 பிட் நிறத்தில் எழுத 4 பைட் வேண்டும். அது முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்க ஆழத்தைப் படிக்க 4 பைட், புது ஆழத்தை எழுத 4 பைட். மொத்தம் 12 பைட். 48 கோடி புள்ளிக்கு விநாடிக்கு 5.76 ஜிபி. ஆனால் ஜீபோர்ஸ் 256ன் முதல் வகையில் இருந்த எஸ்டிஆர் மெமரி 166 மெகாஹெர்ட்ஸில் துடிப்புக்கு 16 பைட் கொடுத்தது. அது 2.66 ஜிபிதான். தேவையில் பாதி கூட இல்லை. அடுத்து வந்த டிடிஆர் வகையில் அது 4.8 ஜிபி ஆனது. சிப் அதேதான், பெட்டி மேல் போட்ட 48 கோடியும் அதேதான். ஆனால் பெரிய திரையில், 32 பிட் நிறத்தில் டிடிஆர் கார்டு தெளிவாக முந்தியது.

பழவேற்காட்டில் இதற்கு விளக்கமே தேவைப்படாது. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் படகின் எஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்று யாரும் கேட்பதில்லை. வாய் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்றுதான் கேட்பார்கள். கார்டின் மெமரி வேகமும் அப்படியொரு முகத்துவாரம்தான்.

2002-03ல் இன்னொரு பாடம். ஏடிஐயின் ரேடியான் 9700 ப்ரோ 325 மெகாஹெர்ட்ஸ். அதற்குப் போட்டியாக வந்த என்விடியாவின் ஜீபோர்ஸ் எப்எக்ஸ் 5800 அல்ட்ரா 500 மெகாஹெர்ட்ஸ். கடையில் மெகாஹெர்ட்ஸ் மட்டும் பார்ப்பவர் எதை வாங்குவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ரேடியான் துடிப்புக்கு 8 புள்ளி எழுதியது, எப்எக்ஸ் 4 நிறப் புள்ளிதான். பெருக்கிப் பார்த்தால் 260 கோடிக்கு எதிராக 200 கோடி. மெமரியிலும் ரேடியானின் பாதை 256 பிட் அகலம், எப்எக்ஸ் 128 பிட். வேகமான மெமரி சிப் போட்டும் எப்எக்ஸுக்கு 16 ஜிபிதான் கிடைத்தது. ரேடியானுக்கோ 19.8 ஜிபி. அன்றைய புதிய டைரக்ட்எக்ஸ் 9 விளையாட்டுகளில் எப்எக்ஸ் பின்தங்கியது. அதன் மின்விசிறி போட்ட சத்தத்தை மட்டும் யாராலும் முந்த முடியவில்லை.

ப்ளாப்ஸ் என்ற புது அளவு

2006 நவம்பரில் ஜீபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் வந்தபோது எண்ணும் முறையே மாறியது. அதில் 128 சிறு பிராசஸர்கள். ஒவ்வொன்றும் 1.35 கிகாஹெர்ட்ஸ். 2007ல் கூடா என்ற மென்பொருள் வசதி வந்தது. படம் வரையாமல் வெறும் கணக்கு மட்டும் கூட இந்தக் கார்டில் போடலாம் என்றானது. அதன் பிறகு புள்ளிகளை விட்டுவிட்டு, விநாடிக்கு எத்தனை தசமக் கணக்கு என்று எண்ண ஆரம்பித்தார்கள். அதுதான் ப்ளாப்ஸ். நூறு கோடி கணக்கு ஒரு கிகாப்ளாப்ஸ், ஒரு லட்சம் கோடி கணக்கு ஒரு டெராப்ளாப்ஸ்.

சூத்திரம் மிகவும் சுலபம்:

கோர் எண்ணிக்கை x கிகாஹெர்ட்ஸ் x 2

ஏன் 2? ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் சேர்ந்து ஒரே துடிப்பில் நடக்கும். அதை இரண்டு கணக்காக எண்ணுவார்கள். ஆக 8800 ஜிடிஎக்ஸுக்கு 128 x 1.35 x 2 = 345.6 கிகாப்ளாப்ஸ். ஆனால் 518 என்ற எண்ணும் பல இடங்களில் வந்தது. சில சமயம் கூடவே இன்னொரு பெருக்கலும் செய்யலாம் என்று 2க்குப் பதில் 3 போட்டுப் பெருக்கிய எண் அது! சாதாரண நிரல்களுக்கு அந்த மூன்றாவது கணக்கு கைக்குக் கிடைப்பது அரிதாக இருந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த எண்ணை யாரும் அளந்து எழுதவில்லை, பெருக்கி எழுதினார்கள். எல்லா கோரும், எல்லா துடிப்பிலும், ஒரு நொடி கூடக் காத்திருக்காமல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருந்தால் வரும் உச்சவரம்பு அது. அதைத் தாண்ட முடியாது என்பதற்கு உத்தரவாதம் உண்டு. அதை எட்ட முடியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சாகா-220

2011 மே 2. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் அன்றைய இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணன் சாகா-220ஐத் திறந்து வைத்தார். அந்த மையம் இருக்கும் தும்பாவும் ஒரு மீனவக் கிராமம்தான். 1963ல் அங்கே முதல் ராக்கெட் விட்டபோது மேரி மக்தலேனா தேவாலயமும் அதைச் சுற்றியிருந்த ஊரும் இடம் கொடுத்தன. கணக்கு போடுவது ஒரு மீனவக் கரையில், ராக்கெட் போவது இன்னொரு மீனவக் கரையில். கம்ப்யூட்டர் வைக்கப்பட்ட இடத்துக்கும் ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கும் ஒரே மனிதர் பெயர், சதீஷ் தவான். இஸ்ரோ தலைவராக இருந்த தவான் காற்றோட்ட இயல் நிபுணர். பெங்களூர் ஐஐஎஸ்சியில் சூப்பர்சானிக் காற்றுச் சுரங்கம் அமைத்தவர். ஆகவே காற்றுக் கணக்கு போடும் கம்ப்யூட்டருக்குப் பொருத்தமான பெயர்தான்.

இஸ்ரோ கொடுத்த விவரம் இது:

- என்விடியா டெஸ்லா 2070 கார்டு 400, ஒன்றுக்கு 500 கிகாப்ளாப்ஸ்
- இன்டெல் ஜியான் பிராசஸர் 400, ஒன்றுக்கு 50 கிகாப்ளாப்ஸ்
- செலவு சுமார் 14 கோடி ரூபாய்
- மின்சாரம் 150 கிலோவாட்

400 x 500 = 2,00,000. 400 x 50 = 20,000. கூட்டினால் 2,20,000 கிகாப்ளாப்ஸ், அதாவது 220 டெராப்ளாப்ஸ். பெயரில் இருந்த 220 இதுதான். இஸ்ரோ இதை மறைக்கவில்லை. கோட்பாட்டு உச்சம் என்று தெளிவாகவே சொன்னது.

ஒரு கார்டுக்கு 500 எப்படி வந்தது? டெஸ்லா சி2070ல் 448 கோர், 1.15 கிகாஹெர்ட்ஸ். 448 x 1.15 x 2 = 1030 கிகாப்ளாப்ஸ். இது 32 பிட் எண்களுக்கு. ராக்கெட் கணக்கில் சின்னப் பிழை ஆயிரம் தடவை கூடிக் கூடிப் பெரிய பிழையாகிவிடும். அதனால் 64 பிட் எண், அதாவது இரட்டைத் துல்லியம் வேண்டும். அதில் இந்தக் கார்டின் வேகம் சரிபாதி, 515. இஸ்ரோ அதைக் குறைத்து 500 என்று எடுத்துக்கொண்டது.

விளையாட்டுக் கார்டையே வாங்கியிருக்கலாமே?

நியாயமான கேள்வி. அதே காலத்துக் கார்டுகள் மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

டெஸ்லா சி2070: 32 பிட்டில் 1030, 64 பிட்டில் 515 கிகாப்ளாப்ஸ். மெமரி 6 ஜிபி. மெமரி வேகம் விநாடிக்கு 144 ஜிபி. அறிவித்த விலை 3999 டாலர்.

ஜீபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 480: 480 கோர், 1.4 கிகாஹெர்ட்ஸ். 32 பிட்டில் 1345, 64 பிட்டில் 168 கிகாப்ளாப்ஸ். மெமரி 1.5 ஜிபி. மெமரி வேகம் 177 ஜிபி. அறிவித்த விலை 499 டாலர்.

ரேடியான் எச்டி 5870: 1600 கோர், 850 மெகாஹெர்ட்ஸ். 32 பிட்டில் 2720, 64 பிட்டில் 544 கிகாப்ளாப்ஸ். மெமரி வேகம் 154 ஜிபி.

முதல் இரண்டும் ஒரே குடும்பத்து சிப். விலையில் எட்டு மடங்கு வித்தியாசம். 32 பிட்டில் மலிவான விளையாட்டுக் கார்டே முந்துகிறது. ஆனால் 64 பிட்டில் அதன் வேகம் பாதியாக இல்லாமல் எட்டில் ஒரு பங்காகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. தவிர டெஸ்லாவில் மெமரியில் ஒரு பிட் தானாக மாறிப்போனால் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி உண்டு. அதைப் போட்டால் 6 ஜிபியில் 5.25 ஜிபிதான் மிஞ்சும், வேகமும் கொஞ்சம் குறையும். விளையாட்டில் ஒரு புள்ளி பச்சைக்குப் பதில் சிவப்பாக வந்தால் அடுத்த படத்தில் மறைந்துவிடும். பல நாள் ஓடும் ராக்கெட் கணக்கில் அது மறையாது.

ரேடியானைப் பாருங்கள். காகிதத்தில் ஜிடிஎக்ஸ் 480ஐப் போல இரண்டு மடங்கு! ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் ஜிடிஎக்ஸ் 480தான் சற்று முன்னால் இருந்தது. ரேடியானின் 1600 கோர்களும் ஐந்து ஐந்தாகக் கட்டப்பட்டவை. ஐந்துக்கும் ஒரே சமயத்தில் வேலை கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் 2720 வரும். பாதி நேரம் மூன்று, நான்குக்குத்தான் வேலை கிடைத்தது. கோர் என்ற சொல்லே இரண்டு கம்பெனிகளிலும் ஒரே பொருளைக் குறிக்கவில்லை.

டெஸ்லாவும் தப்பவில்லை. 144 ஜிபியில் 64 பிட் எண்களை எடுத்தால் விநாடிக்கு 1800 கோடி எண்கள் கிடைக்கும். ஆனால் 515 கிகாப்ளாப்ஸ் என்றால் 51,500 கோடி கணக்குகள். அதாவது மெமரியிலிருந்து எடுக்கும் ஒவ்வோர் எண்ணையும் வைத்து 28 கணக்காவது போட்டால்தான் உச்சத்தைத் தொடலாம். காற்றோட்டக் கணக்கில் பல இடங்களில் அவ்வளவு வேலை இல்லை. ஒரு கட்டத்தை எடு, நாலு கணக்கு போடு, திருப்பி வை. மறுபடியும் முகத்துவாரம்தான்.

அதற்கும் அப்பால் இன்னொரு குறுகிய வாய் இருந்தது. கார்டுக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவே உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை காகிதத்திலேயே ஒரு பக்கத்துக்கு 8 ஜிபிதான். கார்டுக்குள் இருக்கும் வேகத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. நானூறு கார்டு ஒரே ராக்கெட்டைப் பங்கு போட்டுக் கணக்கிடும்போது, எல்லையில் உள்ள கட்டங்களின் எண்கள் இந்த வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். அதனால்தான் கார்டு வாங்கினால் மட்டும் போதாது. மென்பொருளையும் திரும்ப எழுத வேண்டும். இஸ்ரோவின் பராஸ்-3டி என்ற காற்றோட்டக் கணக்கு மென்பொருள் அப்படித்தான் ஜிபியுவுக்காக மாற்றப்பட்டது.

இந்தியாவிலேயே வேகமானதா?

சாகா திறந்தவுடன் 'இந்தியாவின் மிக வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்' என்று செய்திகள் வந்தன. அதுவரை அந்தப் பெயர் புனேயில் டாடா நிறுவனம் கட்டிய ஏகாவுக்கு இருந்தது. 220 பெரிதா 132.8 பெரிதா? பார்த்தவுடன் பதில் சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த இரண்டும் ஒரே வகை எண் இல்லை. 132.8 என்பது ஏகாவில் லின்பேக் என்ற சோதனையை ஓட்டி அளந்த வேகம். அதன் காகித உச்சம் சுமார் 172. அதாவது காகிதத்தில் 77 சதவீதம் கைக்கு வந்தது. சாகாவின் 220 பெருக்கி வந்த எண்.

பிறகு சாகா விரிவாக்கப்பட்டது. டாப்500 பட்டியலில் 2012, 2013ல் அதன் காகித உச்சம் 394.8 டெராப்ளாப்ஸ், அளந்த வேகம் 188.7. அதாவது 48 சதவீதம். 2011ன் அமைப்புக்கும் இதே விகிதம் என்று வைத்துக்கொண்டால் 220ல் சுமார் 105தான் வரும். அது ஏகாவின் 132.8ஐ விடக் குறைவு!

இதனால் சாகா வீண் என்று முடிவு கட்டக் கூடாது. ஏகாவில் பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண பிராசஸர் கோர்கள் இருந்தன. செலவு சுமார் 3 கோடி டாலர் என்று செய்திகள் சொல்லின. ரூபாயில் அது நூறு கோடிக்கும் மேல். சாகாவுக்கு ஆனது 14 கோடி. பாதி வேகம்தான் கிடைத்தது என்றாலும் ஒரு ரூபாய்க்குக் கிடைத்த கணக்கு பல மடங்கு அதிகம். மின்சாரத்திலும் இடத்திலும் மிச்சம் இருந்தது. பொதுப்பணத்தில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டருக்கு இதுதான் உண்மையான பெருமை. 'மிக வேகமானது' என்ற பட்டத்தை விட இந்தப் பெருமைக்குத்தான் கணக்கு ஒத்து வருகிறது.

எண்கள் இன்னும் பெருகின

அதன் பிறகு வந்த காலத்தில் எண்கள் எங்கோ போய்விட்டன. 2020ல் வந்த என்விடியா ஏ100 கார்டு ஒன்றே 64 பிட்டில் 9.7 டெராப்ளாப்ஸ். காகிதத்தில் பார்த்தால் அன்றைய சாகா முழுவதும் 23 ஏ100 கார்டுக்குள் அடங்கிவிடும். அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவின் பரம் சித்தி-ஏஐ இந்தக் கார்டுகளோடு டாப்500ல் 63வது இடம் பிடித்தது. காகிதத்தில் 5267 டெராப்ளாப்ஸ், அளந்தது 4619. 2023ல் வந்த ஐராவத் 75வது இடம். காகிதத்தில் சுமார் 13,170, அளந்தது 8500.

பழைய வித்தையும் போகவில்லை. ஏ100க்கு 9.7 என்ற எண் மட்டுமா உண்டு? 64 பிட் அணிக்கணக்குக்கு 19.5. செயற்கை நுண்ணறிவுக்கான 16 பிட் கணக்குக்கு 312. பாதி எண்கள் பூஜ்யமாக இருந்தால் 624. ஒரே கார்டு, நான்கு வேகம். 8800 ஜிடிஎக்ஸுக்கு 2க்குப் பதில் 3 போட்டுப் பெருக்கியவர்களின் வாரிசுகள்தான் இவை. விளையாட்டுக் கார்டிலும் அப்படியே. ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயின் 13.4 டெராப்ளாப்ஸ் 2020ன் ஆர்டிஎக்ஸ் 3080ல் 29.8 ஆனது. விளையாட்டு வேகம் அந்த அளவுக்கு, அதாவது இரண்டு மடங்குக்கு மேல், உயரவில்லை.

அப்படியானால் ஸ்பெசிபிகேஷன் பார்ப்பது வீண் வேலையா? இல்லவே இல்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1. ஒரே குடும்பத்துக் கார்டுகளை ஒப்பிடக் கோர் எண்ணிக்கையும் கிகாஹெர்ட்ஸும் நன்றாகவே உதவும். வேறு கம்பெனி, வேறு தலைமுறை என்றால் உதவாது.

2. டெராப்ளாப்ஸ் என்று பார்த்தவுடன் எத்தனை பிட் என்று கேட்க வேண்டும்.

3. கணக்கு வேகத்துக்குப் பக்கத்திலேயே மெமரி வேகத்தையும் எழுதி, ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும். முகத்துவாரம் எவ்வளவு குறுகல் என்று தெரிந்துவிடும்.

4. பெருக்கிய எண்ணைப் பெருக்கிய எண்ணோடும், அளந்த எண்ணை அளந்த எண்ணோடும் மட்டும்தான் ஒப்பிட வேண்டும்.

5. கடைசியாக, நாம் ஓட்டப்போகும் வேலையில் யாராவது அளந்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். மற்ற நான்கையும் விட இதுவே முக்கியம்.

மறுபடியும் ஏரிக்கரை

ஜிஎஸ்எல்வி கதை என்ன ஆனது? அடுத்த ராக்கெட்டான ஜிஎஸ்எல்வி-டி5 2013 ஆகஸ்ட் 19ல் கிளம்ப வேண்டியது. எரிபொருள் கசிவு தெரிந்ததால் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். கசிவை எந்தக் கம்ப்யூட்டரும் கணக்கு போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஏவுதளத்தில் எடுத்த அளவுகள்தான் காட்டிக்கொடுத்தன. ராக்கெட்டுக்கும் காகிதம் வேறு, அளவு வேறுதான்.

2014 ஜனவரி 5, மாலை 4.18 மணி. புது உறை, புது வயர் பாதை, திருத்திய காற்றுக் கணக்கு, இந்தியாவிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சின். அந்தக் கீழ் உறை அசைகிறதா என்று பார்க்க ஒரு கேமராவும் வைத்திருந்தார்கள். கணக்கு சரி என்று எல்லோரும் நம்பிய பிறகும் அளந்து பார்க்காமல் விடவில்லை. 47.8வது விநாடி வந்தது, போனது. 53.8வது விநாடியும் போனது. கிளம்பிய சத்தம் ஏரியைக் கடந்து பழவேற்காட்டையும் காட்டூரையும் எட்டியபோது, இந்தத் தடவை ராக்கெட் மேலே போய்க்கொண்டுதான் இருந்தது.